அடியில்லாக் குளத்தில் மூன்று தவளைகள்

இந்தக் கதையில் உங்களுக்குச் சிரிப்பு நிச்சயம். ஆனால் இப்போதே வேண்டாம். ஒரு காக்கா வரும். அது வந்து உட்கார்ந்த பிறகு சிரித்துக்கொள்ளலாம். அதுவரை வாயை மூடிக்கொண்டு பூவலிங்கத்தின் சோகத்தைக் கேளுங்கள்.

பூவலிங்கம் குமிழங்குளத்துக்காரன். அந்த ஊர்க் குளத்துக்கு அடியே கிடையாது. யார் சொன்னது? எல்லாரும் சொன்னார்கள். 'ஆழமான பகுதி, இறங்காதீர்' என்று பஞ்சாயத்துப் பலகையும் சொன்னது. அதனால் ஒருத்தனும் அதில் காலை நனைத்ததில்லை. படியில் நின்று வாளியை வீசித்தான் தண்ணீர் எடுப்பார்கள். எருமை இறங்கி நடுக்குளத்தில் நின்றால்கூட, "என்னமா நீந்துது பாரு!" என்று வியப்பார்கள்.

நிச்சயதார்த்தத்தன்று வெளியூர் மாமனார் சீனியப்பனுக்குப் பூவலிங்கம் குளத்தைக் காட்டினான். "அடியே கிடையாது மாமா!" என்று பெருமையாகக் கையை வீசினான். அவர் அப்போதுதான் போட்டுவிட்ட மோதிரம் கொஞ்சம் லூசு. விரலை விட்டுப் பறந்தது. புளுக்.

"மாப்ள," என்றார் சீனியப்பன், வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. "முகூர்த்தத்தன்னிக்கு அந்த மோதிரம் உங்க விரல்ல இருக்கணும். இல்லைன்னா என் பொண்ணு என் வீட்ல இருப்பா."

பொன்ராணி மேல் பூவலிங்கத்துக்கு உயிர். அழுதான். கூட்டாளிகள் சொரிமுத்துவும் ஆண்டிச்சாமியும் அவனை நடுவில் உட்காரவைத்து ஆலோசித்தார்கள்.

"அடியில்லாத குளத்துல விழுந்த மோதிரம் எங்க போய் நிக்கும்?"

"நிக்காது. போய்க்கிட்டே இருக்கும்."

"அப்ப சீக்கிரம் கிளம்புங்கடா. இந்நேரம் எவ்வளவு தூரம் போயிருக்கோ!"

பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போனார்கள். அங்கே ஸ்கூபா முக்குளிப்பு சொல்லித்தரும் ஜெசிந்தா டீச்சர் மூன்று பேரையும் பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்து, வாத்துப் பாதம் போன்ற ரப்பர் துடுப்புகளைக் காலில் மாட்டிவிட்டார்.

"இந்தா பாருங்க தம்பி. முட்டியை மடக்கணும், பாதத்தை விரிக்கணும், தவளை மாதிரி ஒரு உதை. அப்புறம் சும்மா வழுக்கிக்கிட்டுப் போகணும். திரும்பணுமா? ஒரு பாதத்தை மட்டும் லேசாச் சுழட்டுங்க, இருந்த இடத்துலயே உடம்பு வட்டமாத் திரும்பும். சேறு கலங்கக் கூடாது. எவனாவது கையைப் போட்டுத் துழாவுனா தொலைச்சுப்புடுவேன்! தண்ணிக்குள்ள உங்களுக்குக் கையே கிடையாது. மேல வரும்போது மெதுவா, ரொம்ப மெதுவா வரணும்."

"டீச்சர்," படுத்தபடியே கேட்டான் சொரிமுத்து. "எந்தத் தவளை மாதிரி? எங்க ஊர்ல பச்சையும் இருக்கு, சொறியும் இருக்கு."

"ஏதோ ஒரு தவளைப்பா!"

ஊர் திரும்பியதும் சொரிமுத்து ஒரு தவளையைப் பிடித்துக் குருவாக வைத்துக்கொண்டான். அது உதைத்தால் இவனும் உதைத்தான். அது ஈயைப் பிடித்தது, இவனும் பிடித்தான். ருசியைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. ஆண்டிச்சாமியோ இரண்டு கையையும் அக்குளில் சொருகியவன் எடுக்கவே இல்லை. "பழகிக்கணும்ல புள்ள?" என்றான். பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டு சோறு ஊட்டினாள்.

காக்கா இன்னும் வரவில்லை. பொறுங்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை. வாடகைக்கு வாங்கிய காற்று சிலிண்டரை முதுகில் கட்டி, கையை அக்குளில் சொருகி, மூன்று பேரும் கடைசிப் படியில் குப்புறப் படுத்துத் தண்ணீருக்குள் வழுக்கினார்கள். ஊரே குலவையிட்டது. பொன்ராணியை நினைத்துப் பூவலிங்கம் ஓர் உதை விட்டான்.

மூக்கு தரையில் இடித்தது.

அவனுக்குப் புல்லரித்துவிட்டது. அடியில்லாத குளத்தின் அடி! ஒரே உதையில்! என்ன பயிற்சி! என்ன கால்!

பாதத்தைச் சுழற்றினான். சேறு துளி கலங்கவில்லை. உடம்பு கடிகார முள் மாதிரித் திரும்பியது. கண்ணுக்கு நேரே மோதிரம்!

மோதிரத்தை அவன் பார்த்தான். அவனை மோதிரம் பார்த்தது. கை அக்குளில். வாயில் காற்றுக்குழாய். காலில் துடுப்பு. ஒன்றும் செய்யாமல் அழகாக இன்னொரு வட்டம் திரும்பி, மேலே வரத் தொடங்கினான். மெதுவாக, ரொம்ப மெதுவாக. தலை வெளியே வருவதற்குள் கரையில் இருந்தவர்கள் டீ குடித்து முடித்துவிட்டார்கள். முதுகு சிலிண்டர் மட்டும் இறங்கினதிலிருந்தே தண்ணீருக்கு மேலே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதன்மேல் காக்கா வந்து உட்கார்ந்தது.

வந்துவிட்டதுதான். இருந்தாலும் கொஞ்சம் அடக்குங்கள், மாமனாரும் வருகிறார்.

மற்ற இரண்டு தலைகளும் மெதுவாக எழும்பின.

"இருக்குடா!" என்றான் பூவலிங்கம், குழாயைத் துப்பிவிட்டு.

"எடுத்தியா?"

"எதால?"

மூன்று பேரும் யோசித்தார்கள்.

"பல்லால கவ்விடு," என்றான் ஆண்டிச்சாமி.

"குழாயை எங்க வைக்கிறது?"

"மூச்சு முக்கியமா, மோதிரம் முக்கியமா?"

"கல்யாணம் முடியிற வரைக்குமாவது மூச்சு வேணும்டா," என்றான் சொரிமுத்து.

அதற்குள் சீனியப்பன் படிக்கு வந்துவிட்டார். "என்ன மாப்ள பண்றீங்க?"

"பாதாளத்துலேர்ந்து இப்பத்தான் வர்றேன் மாமா. மோதிரம் இருக்கு. கைதான் இல்ல."

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். குளத்தில் இறங்கி நடந்தார். "ஐயோ, பெரியவர் போயிட்டாரே!" என்று ஊர் அலறியது. குனிந்தார். எடுத்தார்.

"மாமா! சேறு கலங்கிருச்சு!" பூவலிங்கம் பதறினான். "இருந்த இடத்துலயே வெச்சிருங்க. நான் முறைப்படி எடுத்துத் தர்றேன்."

"எந்திரிங்க மாப்ள."

"நடுக்குளத்துல எப்படி மாமா எந்திரிக்கிறது?"

"காலால."

டீச்சர் சொல்லித்தராத வித்தை. பூவலிங்கம் பயந்து பயந்து முட்டியை ஊன்றினான். பிறகு பாதத்தை. மெதுவாக, ரொம்ப மெதுவாக எழுந்தான். காக்கா பறந்தது. தண்ணீர் நெஞ்சைவிட்டு இறங்கி, இடுப்பைவிட்டு இறங்கி, முழங்காலில் நின்றது. மாமனாரின் முழங்காலைப் பார்த்தான். தன் முழங்காலைப் பார்த்தான். சற்றுத் தள்ளி, அசைபோட்டபடி இருந்த எருமையின் முழங்காலைப் பார்த்தான். அக்குளிலிருந்து கை தானாக நழுவியது.

"அடப்பாவி," என்றான் எருமையிடம். "அப்ப இத்தனை வருஷமா நீ நீந்தவே இல்லையா?"