அவிழாத காப்பு

அண்ணனும் தம்பியும் ஒரே சிம்மாசனத்துக்காக ஏழு வருடம் அடித்துக்கொண்டார்கள். செத்தது ஊர்க்காரர்கள். கடைசியில் தம்பி ஓடிப்போனான். சண்டை முடிந்தது என்று அண்ணன் பறை அறைவித்தான்.

தம்பியின் ஆட்கள் கோயில் சிலைகளை உருக்கிப் பீரங்கி செய்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியபோது, எல்லை ஊர்களின் ஐம்பொன் சிலைகளையெல்லாம் கைப்பற்றி மலைமடத்தில் பத்திரப்படுத்தச் சொல்லி அண்ணன் உத்தரவு போட்டிருந்தான். அதைச் செய்து முடித்தவர் தளபதி செங்கோடன். கெட்டிக்காரர். ஒரு சிலையின் விரல்நுனிகூட உடையாமல் கொண்டுவந்து சேர்த்தார்.

சண்டை ஓய்ந்ததும் வாளை வைத்துவிட்டு அதே மடத்தில் சீடரானார். தலை முழுக்க நரை. குருவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. ஊர் ஊராக ஆட்கள் வந்து தங்கள் சாமியை அழுதுகொண்டே தூக்கிப் போனார்கள். செல்லாண்டியம்மன் மட்டும் மிச்சம். அவளைக் கேட்டு யாரும் வரவில்லை.

ஒரு நாள் அரண்மனை ஓலை வந்தது. கேட்பாரில்லாத அந்த அம்மன் இனி கொலுமண்டபத்துக்காம். பளபளவென்று தேய்த்து அனுப்ப வேண்டுமாம்.

செங்கோடன் புளியும் கையுமாக உட்கார்ந்தார். அம்மனின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஒன்று கறுத்துப்போய்க் கிடந்தது. அதை அறுக்கக் கை வரவில்லை. எழுந்து குருவிடம் போனார்.

"சாமி, அம்மன் கையில ஒரு கயிறு இருக்குதுங்க. அறுத்துடலாமுங்களா?"

"என்ன கயிறு?"

"திருவிழாக் காப்புங்க."

குரு நிமிர்ந்து பார்த்தார். "காப்புக் கட்டின பிறகா அம்மனைத் தூக்கிட்டு வந்தே?"

"மூணாம் நாளுங்க. ஒரு நாழிகை பொறுங்க, முறைப்படி அவிழ்த்துக் குடுத்தர்றோம்னு பூசாரி கால்ல விழுந்தாரு. எதையும் தொடாம இருந்தபடியே கொண்டுவரணும்னு உத்தரவுங்க. எடுத்துட்டு வந்துட்டேன்."

காப்புக் கட்டிய ஊரில், அம்மன் கைக் கயிறு அவிழும்வரை யாரும் ஊர் எல்லை தாண்ட மாட்டார்கள். செங்கோடனும் அப்படி ஒரு ஊரில் பிறந்தவர்தான். தெரியாதவர் இல்லை. சிலையைக் காப்பாற்றுகிற அவசரத்தில் அதை நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

"அப்புறம்?"

"நாலு நாள் கழிச்சுத் தம்பி படை வந்துச்சுங்க. பக்கத்து ஊர்க்காரங்க காட்டுக்குள்ள ஓடித் தப்பிச்சுட்டாங்க. இவங்க... ஊரே எரிஞ்சு போச்சுங்க சாமி. ஒருத்தரும் எல்லையைத் தாண்டலை."

குரு எழுந்து போய் அம்மன் முன்னால் நின்றார். அவள்மேல் ஒரு கீறல்கூட இல்லை. அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை அவருக்கு.

பிறகு அரண்மனை ஓலையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். அம்மனைத் துணியில் சுற்றி, செங்கோடனின் தோளில் ஏற்றினார்.

"ஊருக்குக் கொண்டு போ. அங்கே வச்சு அவிழ்."

"அரண்மனைக்குங்க?"

"அதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

செங்கோடன் வாசல்வரை போய் நின்றுவிட்டார். "அங்க யாருமே இல்லீங்களே சாமி. யாருக்குன்னுங்க அவிழ்க்கிறது?"

"எல்லாரும் அங்கேதான் இருப்பாங்க செங்கோடா," என்றார் குரு. "காப்பு அவிழ்க்காம எங்கே போயிருப்பாங்க?"