பசிக்குதுன்னு யாருமே சொல்லல

கருவேலங்காட்டுல மூணு மாசமா மழை இல்ல. குளம் வத்தி நடுவுல சேறு மட்டும் மிச்சம். புல்லெல்லாம் கருகிப்போச்சு. அந்தக் குளத்து மேட்டுல பூங்காவனம்னு ஒரு முயல் இருந்துச்சு. மூணு குட்டி போட்டு எட்டு நாள்தான் ஆகுது. ரெண்டு நாளா அது வாயில ஒண்ணும் படல. பாலும் சுரக்கல. குட்டிங்க கத்திக் கத்திப் பாத்துட்டு, இப்ப கத்துறதையும் நிறுத்திட்டுதுங்க.

இத்தனைக்கும் காட்டுல சாப்பாடு இல்லாம இல்ல. மழை நல்லா பேஞ்ச வருஷத்துல எல்லாரும் ஆளுக்கொரு பங்கு போட்டு ஒரு குழிய ரொப்பி வெச்சிருந்தாங்க. கிழங்கு, காஞ்ச இலந்தப்பழம், கம்பங்கதிர் எல்லாம் இருந்துச்சு. காவலுக்கு வீரணன்னு ஒரு முள்ளம்பன்றி. ரொம்ப நேர்மையான ஆளு. தன் மூக்கக்கூட குழிக்குள்ள விடாது.

ஒருநாள் காலைல பேச்சிங்கிற மைனா அதுகிட்ட பறந்து வந்துச்சு.

"வீரணண்ணே, குழியத் தெறங்க. காடே பட்டினி கெடக்கு."

"யாரு பட்டினி?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும்னு ஒருத்தர் கெடையாது பேச்சி. பேரச் சொல்லு. பசிச்சவங்களுக்கு மட்டும்தான் குழின்னு எல்லாரும் சேந்துதான பேசி வெச்சோம்? மழை எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? பேரக் கொண்டா, எடுத்துத் தர்றேன்."

பேச்சிக்கு அது நியாயமாத்தான் பட்டுச்சு. உடனே கெளம்பிடுச்சு.

மொதல்ல மாரப்பன்னு ஒரு புள்ளிமான். வேலமரத்துப் பட்டைய நக்கிக்கிட்டு நின்னுச்சு.

"மாரப்பண்ணே, சாப்டாச்சா?"

"ஆச்சு ஆச்சு. நீ?"

"அப்புறம் எதுக்கு பட்டைய நக்குறீங்க?"

"பல்லுக்கு நல்லதாம்."

அடுத்து ஆமை. "சாப்டீங்களா தாத்தா?"

"போன மாசம் சாப்டதே இன்னும் செரிக்கல, போ."

அடுத்து பூங்காவனம். பேச்சி வர்றதப் பாத்ததும் அது வளைக்கு வெளிய வந்து வாசல மறைச்சு நின்னுக்கிச்சு.

"அக்கா, சாப்டாச்சா?"

"இப்பத்தான் முடிச்சேன்"னு சொல்லிட்டு வெறும் வாய அசைபோட்டுக் காட்டுச்சு பூங்காவனம். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா உனக்கும் வெச்சிருப்பேனே."

"குட்டிங்க சத்தமே இல்லையே?"

"சமத்துங்க. தூங்குதுங்க."

சாயங்காலம் பேச்சி வீரணன்கிட்ட போய் நின்னுச்சு. "ஒரு பேருகூட இல்லண்ணே."

"அப்ப நல்லதாப் போச்சு. குழி மூடியே இருக்கட்டும்."

நல்லதா கெட்டதான்னு பேச்சிக்குப் புரியல. யாருக்கும் பசி இல்லன்னா மரப்பட்டை எல்லாம் எங்க போச்சு? மாரப்பன் விலா எலும்ப ஒண்ணு ரெண்டுன்னு எண்ணலாம் போல இருக்கே, அது எப்படி? யோசிச்சு யோசிச்சு கடைசில ஒரு முடிவுக்கு வந்துச்சு. இந்தக் காட்டுல யாருக்கும் பசின்னா என்னன்னே தெரியல. நாமதான் தெரிய வைக்கணும்!

மறுநாள் விழிப்புணர்வு ஊர்வலம். பேச்சி கூப்பிட்டதும் காடே வந்துச்சு. "பசியை விரட்டுவோம், பட்டினியை ஒழிப்போம்"னு எல்லாரும் கத்துனாங்க. பாதி வழிலயே மாரப்பன் ஒக்காந்துடுச்சு. ஆமை அதைத் தாண்டிப் போச்சு. "என்ன மாப்ள, கால் வலியா?"ன்னு ஆமை கேக்க, "ஆமா, செருப்பு இல்லல்ல"ன்னுச்சு மாரப்பன்.

குழி பக்கத்துல ஊர்வலம் நின்னுச்சு. பேச்சி புத்து மேல ஏறி, "பசியோட இருக்கிறவங்க முன்னங்காலத் தூக்குங்க. றெக்க இருக்கிறவங்க றெக்கயத் தூக்குங்க. கூச்சப்படாதீங்க"ன்னுச்சு.

யாரும் தூக்கல. யாரு தூக்கப்போறான்னு எல்லாரும் எல்லாரையும் திரும்பிப் பாத்தாங்க. பூங்காவனத்தோட கால் மட்டும் கொஞ்சம் மேல வந்துச்சு. அப்படியே போய்க் காதச் சொறிஞ்சுட்டு எறங்கிடுச்சு.

"பாவம், யாருன்னு தெரிஞ்சா நம்மளால ஆனதச் செய்யலாம்"னு மாரப்பன் சொல்ல, எல்லாரும் தலைய ஆட்டுனாங்க.

"பாத்தியா? இந்தக் காட்டுல பசி இல்ல. ஊர்வலம்தான் இருக்கு"ன்னுச்சு வீரணன்.

கூட்டம் கலைஞ்சுச்சு. குழியத் தாண்டி வளைக்குப் போற வழில பூங்காவனம் அப்படியே சரிஞ்சு விழுந்துடுச்சு. பேச்சி ஓடிப்போய் றெக்கயால விசிறுச்சு. பூங்காவனம் மெதுவா கண்ணத் தெறந்து, "வெயிலு, வேற ஒண்ணுமில்ல. நீ சாப்டியா பேச்சி?"ன்னு கேட்டுச்சு.

"ஆச்சுக்கா"ன்னுச்சு பேச்சி.

சொன்ன வாய் அப்படியே தொறந்து நின்னுடுச்சு. நேத்துலேருந்து அது ஒரு புழுகூடத் தின்னல. வயிறு காந்துது. அப்புறம் எதுக்கு ஆச்சுன்னு சொன்னோம்?

"அக்கா, நான் இப்பப் பொய் சொல்லிட்டேன். ஏன்னுதான் தெரியல."

பூங்காவனம் மொகத்தத் திருப்பிக்கிச்சு. "எல்லாருக்கும் அப்படித்தான் வாயில வருது. பசிக்குதுன்னு இன்னைக்குச் சொல்லிட்டா, நாளைக்கு என் குட்டிங்களப் பாத்து பட்டினிக்காரி பெத்ததுன்னு சொல்லுவாங்க. அதுக்கு இதுவே மேல்." அப்புறம் திரும்பாமலே, "பால் வரல பேச்சி"ன்னுச்சு.

பேச்சி ஒரே வீச்சுல குழிக்குப் பறந்துச்சு.

"அண்ணே, பேரெல்லாம் வேணாம். பந்தி போடுவோம். எல்லாருக்கும் ஒரே வரிசை."

"பசிக்காதவன் வந்து தின்னுட்டான்னா?"

"தின்னட்டும்."

"குழி காலியாயிட்டா?"

"தெரியலண்ணே. ஆனா விடியுற வரைக்கும் அந்தக் குட்டிங்க தாங்காது."

"எந்தக் குட்டிங்க?"

பேச்சி வாயத் தெறந்துச்சு. அப்புறம் மூடிக்கிச்சு. "எந்தக் குட்டியா இருந்தா என்னண்ணே?"

வீரணன் குழியப் பாத்துச்சு. பேச்சியப் பாத்துச்சு. மறுபடியும் குழியப் பாத்துச்சு. அப்புறம் கொரலத் தாழ்த்தி, "பந்தின்னா, காவலுக்கு இருக்கிறவங்களும் ஒக்காரலாமா?"ன்னு கேட்டுச்சு.

பேச்சிக்குத் தலையே சுத்துச்சு. "அண்ணே, நீங்களுமா?"

"மூணு நாளாச்சு"ன்னுச்சு வீரணன்.

தேக்கு இலை வரிசையா விழுந்துச்சு. பசிச்சவங்க வாங்கன்னு பேச்சி கூப்பிடல. "பந்தி போட்டாச்சு, வந்து ஒக்காருங்க"ன்னு மட்டும் சொல்லுச்சு. காடே வந்து ஒக்காந்துச்சு. யாரும் யாரையும் ஒண்ணும் கேக்கல. கடைசி இலையில பூங்காவனம். ஒரு கிழங்கு, ரெண்டு, மூணு, தலையே நிமிரல. நாலாவது கிழங்கு முடிஞ்சதும் எழுந்து வளைக்கு ஓடுச்சு. பொழுது சாயுறப்போ அங்கேருந்து குட்டிங்க பாலுக்கு அடிச்சுக்கிற சத்தம் கேட்டுச்சு.

வீரணன் வாயத் தொடச்சுக்கிட்டு, "இப்பச் சொல்லு, மொத்தம் எத்தன பேருக்குப் பசி?"ன்னுச்சு.

பேச்சி வரிசைய இந்தக் கடைசிலேருந்து அந்தக் கடைசி வரைக்கும் பாத்துச்சு. யாரு பசிக்கு வந்தது, யாரு கூட்டத்துக்கு வந்தது, ஒண்ணும் வெளங்கல. "தெரியலண்ணே, இன்னும் கொழப்பமாத்தான் இருக்கு. அந்த இலந்தப்பழத்தக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க."

பசிச்சவங்க யாருன்னு பேரு கேட்டுக்கிட்டு நிக்காதீங்க, எல்லாருக்கும் இலையப் போட்டுக் கூப்பிடுங்க; அப்பத்தான் பசி கூச்சப்படாம வந்து ஒக்காரும்.