நடுவழியில் கிடக்கும் பச்சைக் கிளை

அந்தக் காலத்தில் மரங்களுக்கும் வாய் இருந்தது. வாய் என்றால் கூப்பாடு போடுகிற வாய் இல்லை, ரொம்பத் தாழ்ந்த குரல். அடிமரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால்தான் காதில் விழும். யானை, எருமை, காக்கை எல்லாம்கூடத்தான் பேசின. ஆனால் மரத்தின் பேச்சுக்கு ஒரு தனி ருசி. அவசரமே இருக்காது. காலையில் ஆரம்பித்த கதையைச் சாயங்காலம்தான் முடிக்கும். நாம் அதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்தான்.

மனிதருக்கும் மரங்களுக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. காய்ந்து விழுந்ததை எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம், பச்சையைத் தொடக் கூடாது. எவராவது ஒரு பச்சைக் கிளையை ஒடித்துவிட்டால் அன்றோடு எல்லா மரங்களின் வாயும் மூடிக்கொள்ளும். கோபத்தினால் இல்லை, படைத்தவன் போட்ட முடிச்சு அப்படி. அதனால் எந்தப் பாதையிலும் சருகும் சுள்ளியும் கிடக்கும், பச்சை இலையோடு ஒரு குச்சி கிடந்து யாரும் பார்த்ததில்லை.

மலையடிவாரத்து ஊர் ஒன்றுக்குக் காத்தாயி என்று ஒருத்தி வாக்கப்பட்டு வந்தாள். புருஷன் சடையன் தங்கமான ஆள். ஒரே குறை, வாயைத் திறக்கமாட்டான். அவன் நினைப்பெல்லாம் மலைமேலிருக்கிற விறகை எப்படிக் கீழே இறக்குவது என்பதிலேயே இருந்தது. தலைச்சுமையாகத் தூக்கிக் கழுத்து வலித்ததும், காய்ந்த கவட்டைக் கிளை ஒன்றில் விறகை அடுக்கித் தரையோடு இழுத்துப் பார்த்தான். அது பாறையில் முட்டி நின்றது. பிறகு காய்ந்து விழுந்த பனந்தடியை வட்டமாக அறுத்து, நடுவில் துளைபோட்டு, அச்சில் கோத்து ஒரு வண்டி செய்தான். ஒரு சக்கரம் பெரியது, ஒன்று சின்னது. வண்டி காலை இழுத்து இழுத்து நடக்கும். ஊரே சிரித்தது. சடையன் மட்டும் அதைப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பான்.

பேச ஆள் இல்லாத காத்தாயிக்கு ஒரு புங்கமரம் வாய்த்தது. மலைப்பாதை திரும்புகிற முனையில் அது நின்றது. மேலே போகும்போதும் கீழே வரும்போதும் அதன் அடியில் உட்காராமல் அவள் தாண்டமாட்டாள். அதை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். பிறந்த வீட்டு ஞாபகம், மாமியார் சொன்ன சொல், இன்னும் பிள்ளை தங்காத வருத்தம், எல்லாம் அங்கேதான் இறக்கிவைப்பாள். மரமும் பதிலுக்கு மழை எந்தப் பக்கமாக வருகிறது, எந்தக் காட்டில் விறகு காய்ந்திருக்கிறது, எந்தக் குருவி யாரோடு சண்டை என்று விலாவாரியாகச் சொல்லும். அந்த அக்கா மட்டும் இல்லையென்றால் அவள் என்றைக்கோ பிறந்த வீட்டுக்கு நடையைக் கட்டியிருப்பாள்.

ஒரு நாள் இருவரும் மலையிலிருந்து இறங்கும்போது வண்டி நிறைய விறகு. சக்கரம் கழன்று ஓடாமல் அச்சின் நுனியில் செருகுகிற கடையாணி எங்கேயோ விழுந்துவிட்டது. சடையன் கைக்கெட்டிய ஒரு முருங்கைக் குச்சியை ஒடித்துச் செருகினான். ஆமாம், முருங்கைதான். காய்ந்த குச்சிதான், ஒப்பந்தத்துக்குக் குறைவில்லை. புத்திக்குத்தான் குறைவு. காக்கை உட்கார்ந்தாலே முறிகிற மரம் அது. காத்தாயி அதைச் சொல்லியும் பார்த்தாள். ஊர்வரைக்கும் தாங்கினால் போதும் என்று அவன் வண்டியை இழுக்க ஆரம்பித்துவிட்டான்.

புங்கமரத்து முனை தாண்டிக் கொஞ்ச தூரம்கூட வரவில்லை. குச்சி முறிந்தது, பெரிய சக்கரம் கழன்று பள்ளத்தில் உருண்டது, வண்டி ஒரு பக்கம் சாய்ந்து சடையனின் காலை அமுக்கிவிட்டது. காத்தாயி தோள்கொடுத்துத் தூக்கினாள். அசையவில்லை. விறகை ஒவ்வொன்றாக எடுத்து வீசத் தொடங்கினாள்.

அப்போதுதான் மேலேயிருந்து கட்டை இழுபடுகிற சத்தம் வந்தது. சூளைக்கு விறகு இழுக்கிற கொம்பன் யானை இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பனந்தடிகளைச் சேர்த்துக் கட்டிய சறுக்குக் கட்டை, அதன்மேல் மலைபோல விறகு. இறக்கத்தில் அந்தப் பாரம் யானையையே பின்னாலிருந்து தள்ளும். முனை திரும்பிய பிறகு அது நிற்க நினைத்தாலும் நிற்க முடியாது. முனைக்குக் கீழே வண்டி கிடப்பதோ மேலேயிருந்து தெரியாது.

காத்தாயி முனைக்கு ஓடினாள். தூரத்தில் யானை தெரிந்தது. கத்தினாள். கட்டை உராய்கிற இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கையை ஆட்டினாள். அவள் தினமும் கை ஆட்டுகிறவள்தானே, யானையும் வழக்கம்போலத் தும்பிக்கையைத் தூக்கி ஆட்டிவிட்டு வந்துகொண்டேயிருந்தது. சுள்ளிகளை வாரிப் பாதையில் போட்டாள். சுள்ளி கிடக்காத பாதை ஏது?  மரத்தடியில் போய் விழுந்தாள்.

"அக்கா, அவரு கால் மாட்டிக்கிச்சு. யானை வருது."

"தெரியுது. ஒரு கிளையை ஒடி. பச்சையா ஒடி. அதைப் பார்த்தாத்தான் நிக்கும்."

காத்தாயி கிளையைப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஒடிச்சா உன் பேச்சு போயிடுமே. அப்புறம் நான் யாருகிட்ட போய்ப் பேசுவேன்?"

"என்கிட்டதான். நீ பேசு, நான் கேட்டுக்கிட்டு இருப்பேன். ஒடி தாயீ."

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒடித்தாள். அந்தச் சத்தம் அவள் சாகிறவரைக்கும் அவள் காதைவிட்டுப் போகவில்லை. ஈரம் கசிகிற கிளையைக் கொண்டுபோய்ப் பாதையின் நடுவில் போட்டாள்.

யானை அதைப் பார்த்தது. பிறந்ததிலிருந்து பார்க்காததைப் பார்த்தது. என்னவோ ஆகாதது ஆகிவிட்டது என்று அதற்குப் புரிந்துவிட்டது. உடம்பைத் திருப்பிப் பாரத்தை மேட்டுப் பக்கமாக முட்டவைத்தது. விறகெல்லாம் சரிந்து கொட்டி, கட்டை நின்றது. பிறகு நடந்துவந்து தும்பிக்கையால் வண்டியைத் தூக்க, சடையன் காலை இழுத்துக்கொண்டான்.

அவன் நொண்டிக்கொண்டு மரத்தடிக்கு வந்தான். வாயே திறக்காதவன், உன்னால்தான் பிழைத்தேன் என்று மரத்திடம் அழுதழுது சொன்னான். காத்தாயி அடிமரத்தில் காதை வைத்துக் காத்திருந்தாள். இலை அசைகிற சத்தம் மட்டும் கேட்டது. பொழுது சாயும்வரை காதை எடுக்கவில்லை. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்றைய சங்கதி எல்லாவற்றையும் அதற்குத் தானே சொல்ல ஆரம்பித்தாள்.

வண்டி போய் டிராக்டர் வந்தது, டிராக்டருக்கு டிரெய்லர் வந்தது, விறகு ஏற்றிய லாரியும் வந்துவிட்டது. எதுவானாலும் நடுவழியில் நின்றுபோனால் ஓட்டுகிறவன் இறங்கிப்போய் ஒரு பச்சைக் கிளையை ஒடித்துவந்து பின்னால் போடுகிறானே, அது அன்று தொடங்கியதுதான். எவ்வளவு அவசரமாக வருகிறவனும் அதைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போகிறான். மரம் சொன்னதில் நமக்கு இன்னும் புரிகிற பேச்சு அது ஒன்றுதான்.