அடைக்கலத்தின் மோர்சிங்குகள்

அடைக்கலம் இரும்பு வியாபாரி. ஊருக்கெல்லாம் கடப்பாரையும் ஏர்க்கொழுவும் விற்றார். உயிரை மட்டும் ஒரு தேக்குப் பெட்டியில் வைத்திருந்தார். அதற்குள் பதினொரு மோர்சிங்குகள்.

பல்லில் வைத்து விரலால் மீட்டுகிற சின்ன வாத்தியந்தான். ஆனால் இவை பலவகை இரும்பை அடுக்கி, காய்ச்சி, மடித்து மடித்து அடித்தவை. உடம்பெல்லாம் குளத்து அலைபோல வரி ஓடும். அப்படி ஒன்று கிடைப்பதே அபூர்வம்.

பன்னிரண்டாவது வடதேசத்தில் இருப்பதாகக் கேள்வி. அதன் நாதத்துக்கு ஈடே இல்லையாம். வருஷத்துக்கு ஒருமுறை வடக்கே போகும் வணிகர் வண்டிகள் அன்று குன்றின் அடியில் நின்றன. போனால் எப்போது திரும்புவதோ தெரியாது. மடத்துக் குருவிடம் ஆசி வாங்க அடைக்கலம் பெட்டியோடு மேலேறினார். மனைவி வேலம்மை கட்டுச்சோற்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

குரு அவரைவிட வயதில் இளையவள். வெயிலில் நெல்லிக்காய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தாயே, அந்த நாதம் என் கைக்கு வரணும். ஆசி கொடுங்க."

"வரட்டும் அண்ணே. வேற எதையாவது காட்டி ஏமாத்திட்டா?"

"காதால கேட்டாத் தெரியாதா?"

"சரி, இந்தப் பதினொண்ணும் எப்படிக் கேக்கும்?"

அடைக்கலம் விழித்தார். "வாசிச்சதில்லை தாயே. எச்சில் பட்டாத் துருப்பிடிச்சிரும்."

"என்னைத் தொடவே விட்டதில்லை இவுக" என்றாள் வேலம்மை.

குரு பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொன்றின் மேலும் விரல் கனத்துக்கு மெழுகு.

"வரி ஒண்ணையும் காணோமே?"

"உள்ளே இருக்கு தாயே. துருவுக்குப் பயந்து மூடி வச்சிருக்கேன்."

"நீங்க பார்த்து எத்தனை காலம் ஆச்சு?"

அடைக்கலம் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். குரு பதினொன்றையும் அள்ளி, கொதிக்கிற பாறையில் பரப்பினாள். அடைக்கலம், "ஐயோ!" என்று ஓடினார். அதற்குள் மெழுகு இளகி வழிய ஆரம்பித்துவிட்டது. கறுப்பும் வெள்ளையுமாக வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அவர் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

குரு ஒன்றைத் துடைத்து நீட்டினாள். "வாயில வைங்க."

முதல் தட்டு உதட்டில் விழுந்தது. இரண்டாவது பல்லில்.

"பல்லு மிஞ்சினா நாளைக்கு முறுக்கு சுடுறேன்" என்றாள் வேலம்மை.

மூன்றாவது தட்டில் ஏதோ ஒரு சத்தம் வந்தது.

"தவளைக்கு இருமல்!" என்று சொல்லி வேலம்மை சிரித்தாள். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் அவர் கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

"மூச்சை உள்ளே இழுத்துக்கிட்டுத் தட்டுங்கண்ணே."

தட்டினார். மண்டைக்குள் ஒரு வண்டு புகுந்து ரீங்கரித்தது. பிடரி வரைக்கும் சிலிர்த்தது. அவசரமாக அடுத்ததை எடுத்தார். அது குடத்துக்குள் பேசுகிற பேச்சு. அதற்கடுத்தது மழைக்கு முந்தின காற்று. ஒன்றைப்போல் ஒன்றில்லை.

"எனக்கு ஒண்ணு கொடுங்க" என்று வேலம்மை கை நீட்டினாள். இருப்பதில் அழகானதைப் பொறுக்கிக் கொடுத்தார். எடுத்த எடுப்பில் அவள் இவரைவிட நன்றாக வாசித்தாள். அவர் விடவில்லை, எதிர்த்து வாசித்தார்.

அடிவாரத்திலிருந்து வண்டிக்காரன் மாயாண்டி கத்தினான். "அடைக்கலம் ஐயாவோ! மாடு பூட்டியாச்சு! வாறீரா, இல்லையா?"

அடைக்கலம் கையை மட்டும் ஆட்டினார்.

குரு பாறை விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணனுக்கு வாயில வேலை இருக்குய்யா. நீங்க கிளம்புங்க!"