மருதையன் பார்த்தது

"அந்த மனுஷனுக்கு அழவே வரலைங்க மேடம். என் படம் அந்த இடத்துல செத்துக் கிடக்கு" என்றார் அறவாழி.

படத்தொகுப்பாளர் ரெஜினா எதிரிலிருந்த நாற்காலியைக் காட்டினார்.

அறவாழி உட்கார்ந்தார். அவருக்கு ஐம்பத்தைந்து வயது. கும்பகோணத்தில் நாடகக் குழு நடத்திப் பேரெடுத்தவர். இது அவருடைய முதல் படம். ரெஜினாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனால் சாலிகிராமத்தில் அவருடைய மாடியறைக்கு வந்து, தைத்த துணியாகத் திரும்பிப்போன கந்தல் படங்கள் அநேகம் என்று சொல்லக் கேட்டுத்தான் அறவாழி ரயிலேறியிருந்தார்.

கதையைச் சொன்னார். கொள்ளிடக் கரையில் ஓர் ஓடக்காரர். ஊரையே அக்கரை சேர்த்தவர். மகளுக்கு அக்கரையில் கல்யாணமாகிறது. அவள் புருஷன் வீட்டுக்குப் போகும் நாளில் மட்டும் துடுப்பை வேறொருவர் பிடிக்கிறார். அப்பன் கரையில் நிற்கிறான்.

அப்பன் வேஷத்துக்கு நிஜ ஓடக்காரர்தான் வேண்டும் என்று அடம்பிடித்து, மருதையன் என்பவரைக் கண்டுபிடித்தார் அறவாழி. நடக்கச் சொன்னால் நடந்தார். துடுப்பு வலிக்கச் சொன்னால் வலித்தார். மகளைப் பிரிந்து அழுகிற இடத்தில்தான் கட்டையாகிப்போனார். எழுதிக்கொடுத்த வசனத்தை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார். அறவாழி விளக்கிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார்.

இனி சென்னையிலிருந்து தேர்ந்த நடிகர் ஒருவரைக் கூட்டிப்போய், அப்பன் வருகிற காட்சிகளை எல்லாம் திரும்ப எடுப்பது என்று முடிவாகிவிட்டது. மருதையனிடம் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் முடிவாகவில்லை.

"அவர்கிட்ட இன்னும் சொல்லலையே?" என்று கேட்டார் ரெஜினா.

"இல்லை."

"சொல்லாதீங்க. எடுத்தது எல்லாத்தையும் கொண்டாங்க. வேண்டாம்னு ஒதுக்கினதையும்."

"அது வெறும் குப்பைங்க."

"கொண்டாங்க."

கொண்டுவந்து கொடுத்தார். ரெஜினா ஒலியை முற்றிலும் நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் பார்த்தார். தான் ராத்திரி பகலாக எழுதிய வசனமெல்லாம் ஊமை வாயசைப்பாகப் போவதைக் கண்டு அறவாழிக்கு இருப்புக்கொள்ளவில்லை. நடுநடுவே, 'இந்த இடத்தில் என்ன சொல்கிறார் என்றால்' என்று ஆரம்பித்தார். ரெஜினா திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அறவாழி வேறு தினுசாகக் கேட்டார்.

"இந்த வேலையை எனக்குக் கத்துக்கொடுப்பீங்களா?"

ரெஜினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேநீர் வரவழைத்தார். குடித்துக்கொண்டே பழைய கதை ஒன்றைச் சொன்னார்.

சினிமா பிறந்த புதிதில் கேமராவை ஓரிடத்தில் நட்டுவிடுவார்களாம். ரயில் வரும், ஜனங்கள் இறங்குவார்கள், சுருள் தீரும், படமும் தீரும். பிறகு கதை சொல்ல ஆரம்பித்தபோதும் அப்படித்தான். நாடகக் கொட்டகையில் முன்வரிசைக்காரன் எழுந்திருக்காமல் பார்ப்பதைப் போல, ஆள் தலைமுதல் கால்வரை தெரிய, காட்சி முழுவதும் ஒரே துண்டு. அப்புறம் யாரோ கத்தரிக்கோலை எடுத்தார்கள். வீட்டுக்கு வெளியே நிற்பவனை வெட்டி, வீட்டுக்கு உள்ளே இருப்பவளோடு பசை தடவி ஒட்டினார்கள். ஜனங்கள் குழம்பிப்போய் எழுந்து போய்விடுவார்கள் என்று பயந்தார்களாம்.

"போயிட்டாங்களா?"

"உட்கார்ந்தே இருந்தாங்க. அவன் அவளைத்தான் தேடி வந்திருக்கான்னு அவங்களே சேர்த்துக்கிட்டாங்க. யாரும் சொல்லிக்கொடுக்கலை."



அன்று மத்தியானம் ரெஜினா வழியனுப்பும் காட்சியைத் தொகுக்க ஆரம்பித்தார். முடித்ததும் அறவாழியைக் கூப்பிட்டுத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்.

மகள் கரையிலிருந்து ஓடத்தில் ஏறுகிறாள். அறவாழிக்கு அங்கேயே ஒரு சந்தேகம். அதைத் தூரத்தில் நின்று ஒருமுறையும், ஓடத்துக்குள் இருந்து ஒருமுறையும் எடுத்திருந்தார். இரண்டும் ஒட்டிய இடம் தெரியவில்லை. திரும்பப் போடச் சொன்னார். அப்போதும் தெரியவில்லை.

"எங்க வெட்டினீங்க?"

"அவ கால் தூக்குறப்ப உங்க கண்ணும் காலோட போயிடுது. அந்த நேரம் பார்த்து வெட்டிட்டேன். கால் கீழ வர்றது அடுத்த துண்டு."

காட்சி மேலே ஓடியது.

ஓடம் கரையை விட்டு நகர்கிறது. மகள் திரும்பிப் பார்க்கிறாள்.

மருதையன் முகம்.

வசனம் இல்லை. ஒரு சொல்கூட இல்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தூரத்தில் எதையோ பார்க்கிறார். எச்சில் விழுங்குகிறார். தோள் துண்டை எடுக்கப்போன கை பாதியில் நின்றுவிடுகிறது. அந்த முகம் திரையில் இருக்கையிலேயே துடுப்பு தண்ணீரைத் தள்ளும் சத்தம் கேட்க ஆரம்பிக்கிறது. அதற்கப்புறம்தான் ஆறு வருகிறது. நடு ஆற்றில் ஓடம் சின்னதாகப் போய்க்கொண்டிருக்கிறது.

அறவாழிக்குத் தன் பெண்ணைக் கோயம்புத்தூருக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பிய காலை ஞாபகத்துக்கு வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இந்த நடிப்பை இவர் எப்போது கொடுத்தார், நான் பார்க்கவே இல்லையே என்று கேட்டார்.

ரெஜினா அந்தப் படத்துண்டை மட்டும் தனியே, எடுத்தபடியே ஓட்டிக் காட்டினார். முழு ஒலியோடு.

யாரோ ஒருவர் கேமராவை நிறுத்த மறந்திருக்கிறார். பின்னால் ஆட்கள் கலைகிற சத்தம். 'வண்டி வந்துருச்சு, வண்டி வந்துருச்சு' என்று ஒரு குரல். மருதையன் அப்படியே நின்று பார்க்கிறார்.

அறவாழிக்கு நினைவு வந்துவிட்டது. அன்றைக்குச் சாப்பாட்டு வண்டி மணலில் சிக்கி, வெயில் சாயும் நேரத்தில்தான் வந்து சேர்ந்தது. மனுஷன் பசியோடு சோற்று வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

நாடகத்தில் சேர்கிற ஒவ்வொருவரிடமும் அவர் முதலில் சொல்லும் பாடம் ஒன்றுதான். உள்ளே இருந்தால்தான் வெளியே வரும். அதை வைத்துத்தான் குழு நடத்தினார். கொட்டகை கொட்டகையாக ஜனங்களை அழவைத்தார்.

"காட்சி நல்லா வந்திருக்கு. அதை இல்லைன்னு சொல்லலை. ஆனா இது பொய் இல்லையா மேடம்? அவர் மனசுல இல்லாததை அவர் முகத்துல நாம ஒட்டிட்டோமே."

"அதை என்னைக் கேட்டா எப்படி? அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்க" என்றார் ரெஜினா.

இரண்டு நாளாக அறவாழி யோசித்தார். தன் பசியை எடுத்து இப்படி ஆக்கிவிட்டார்களே என்று அந்த மனுஷன் வருத்தப்பட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. ஆனால் அவரை மாற்றப்போவதில்லை என்றாகிவிட்டதே, அந்த நிம்மதி பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஆள் அனுப்பினார்.

மருதையன் தன் இரண்டு மகன்களோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, புதுத் துண்டு. ரெஜினாவிடம் ஒரு பை நிறைய வேர்க்கடலையைக் கொடுத்தார். பெண்சாதி தவறிவிட்டதையும், பிறந்தது இரண்டும் ஆண்பிள்ளைகள் என்பதால் வீட்டில் வாய்க்கு ருசியாகச் சமைக்க ஆளில்லை என்பதையும் அவரே சொன்னார். மாடிப்படியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

ரெஜினா விளக்கை அணைத்துக் காட்சியை ஓடவிட்டார்.

முடிந்தது. மருதையன் அசையவில்லை. மகன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அறவாழிக்குப் பொறுக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"மருதையண்ணே, அன்னைக்கு அப்படி நின்னு எதைப் பார்த்துக்கிட்டிருந்தீங்க?"

"என் மவ போறதைத்தான்யா."

மூத்தவன் அப்பாவின் தோளைத் தொட்டான். "என்னப்பா பேசுற? நமக்கு ஏதுப்பா பொண்ணு?"

மருதையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பத்தானேடா போனா."