பின்னால் நின்றவள்

முதலில் நிழற்கொட்டகையைப் பிரித்தார்கள். அடுத்த கோடையில் குடிதண்ணீர்த் தொட்டியை எடுத்தார்கள். அதற்கடுத்த ஆண்டு, உப்பின் வெண்மையில் கண் கூசாமலிருக்கத் தந்துகொண்டிருந்த கறுப்புக் கண்ணாடியை நிறுத்தினார்கள். நான்காவதாக, மோட்டாரின் அறுந்த கம்பியை மிதித்து ஒருத்தி செத்தாள். ஐந்தாவதாக, அப்படி ஒருத்தி எங்கள் உப்பளத்தில் வேலையே பார்க்கவில்லை என்று கம்பெனிக்காரர்கள் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள்.

அந்த ஐந்தாவதுக்குத்தான் புதன்கிழமை விசாரணை. அவள் அங்கே வேலை பார்த்தாள் என்று காட்டாவிட்டால் அவளுடைய மூன்று பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடையாது.

சங்கச் செயலாளர் ஞானதுரைக்கு வயது அறுபத்திரண்டு. நாற்பது வருடம் துண்டறிக்கை எழுதியவர், இப்போதுதான் கேமரா பழகுகிறார். சொல்லித்தருபவள் ஸ்டுடியோ ரெஜினா. அவர் மகளைவிடச் சின்னவள். ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

உப்பளத்தில் நடந்த சங்கக் கொடியேற்றத்தை அவர் எடுத்த படம் மேஜைமேல் கிடந்தது. தலைவரின் மீசையை முடி முடியாக எண்ணலாம். அவருக்குப் பின்னால், செத்தவளும் சேர்த்து, நாற்பது பெண்கள் வெறும் வண்ணக் கறையாக இருந்தார்கள்.

"இதைத் தெளிவாக்க முடியுமா டீச்சர்?"

"விழாத உருவத்தை நான் எங்கேயிருந்து கொண்டுவர, அண்ணாச்சி?"

"பெரிய சென்சார்னு நீங்கதானே வாங்கச் சொன்னீங்க? பெரிசுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

ரெஜினா எழுந்துபோய் வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் எதிர்ச்சாரியில் பேருந்து ஒன்று நின்றது.

"என் முகம் படத்தை நிறைக்கிற மாதிரி வரணும். முதல்ல ஃபோன்ல எடுங்க. அதே இடத்துல நின்னு கேமராவுலயும் எடுங்க."

எடுத்தார். ஃபோனில் பேருந்தின் ஊர்ப்பெயரைப் படிக்க முடிந்தது. கேமராவில் பேருந்து கூழாகியிருந்தது.

"நின்ன இடம் ஒண்ணு, முகம் ஒண்ணு. அப்புறம் ஏன்?"

"ஃபோன் சென்சார், அதான் படம் விழுற தகடு, நகத்தளவு. அதை என் முகத்தால நிரப்பக் குட்டி லென்ஸ் போதும். அதுல வெளிச்சம் நுழையிற துவாரமும் சின்னது. கேமரா சென்சார் பெரிசு. அதை நிரப்ப நீளமான லென்ஸ், அகலமான துவாரம். அவ்வளவு அகலமாத் திறந்தா ஒருத்தர் மட்டும்தான் கூர்மையா நிப்பார். முன்னயும் பின்னயும் கரைஞ்சிடும்."

"அப்போ குற்றம் கேமரா மேலதான்."

அவள் கேமராவை வாங்கித் துவாரத்தைச் சுருக்கிக் கொடுத்தாள். மறுபடி எடுத்தார். இந்தமுறை அதிலும் ஊர்ப்பெயர் தெரிந்தது.

"அன்னைக்கு ஏன் சுருக்கலை அண்ணாச்சி?"

"போஸ்டருக்கு... தலைவர் எடுப்பாத் தெரியணும்னு."

"இதுல அவ எங்கே நிக்கிறா?"

ஞானதுரை படத்தை அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"தெரியலை டீச்சர்."

"அந்தப் பொம்பளைங்க எல்லார் கையிலயும் ஃபோன் இருக்கு. கேட்டீங்களா?"

"அது சோறு திங்கிற நேரத்துல இளிச்சுக்கிட்டு எடுக்கிற படம். அதைப் போய்..."

"கேட்டீங்களா?"

கேட்டார். அவர்களில் இசக்கியம்மாளின் விரிசல் விட்ட ஃபோனில் கிடைத்தது. சாப்பாட்டுத் தூக்குகளோடு ஆறு பெண்கள் சிரிக்கிறார்கள். பின்னால், உப்புவாரும் பலகையோடு செத்துப்போனவள் திரும்பிப் பார்க்கிறாள். அவளுக்கும் பின்னால், மோட்டார் அறைச் சுவரில் கம்பெனியின் பெயர்.

புதன்கிழமை. சாட்சி சொல்ல ஆறு பெண்களும் வந்திருந்தார்கள். படத்தில் யாரும் கைவைக்கவில்லை என்று சொல்ல ரெஜினாவும் வந்திருந்தாள்.

அதிகாரி படத்தைத் தூக்கிக் காட்டினார். "பின்னால் நிற்பது யார்?"

நாற்பது வருடப் பழக்கம். ஞானதுரை தொண்டையைச் செருமிக்கொண்டு பதில் சொல்ல முன்னே போனார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் பின்னால வாங்க."

"ஏன் டீச்சர்?"

"அப்பத்தான் எல்லாரும் தெரிவாங்க."

அவர் பின்னால் வந்து சுவரோரம் நின்றார். இசக்கியம்மாள் சொன்னாள், மற்ற ஐவரும் ஆமாம் என்றார்கள். அதிகாரி எழுதி முடித்து, எழுதியதைச் சாட்சிகளுக்கு உரக்கப் படித்தார்:

"பேச்சித்தாய். கணவர் பெயர் சுடலைமுத்து. இந்த உப்பளத்தின் தொழிலாளி."