போகிறேன் என்ற பன்றியும் போங்க என்ற கானாங்கோழியும்

காட்டுக்கு நடுவில் இருந்த ஓர் ஏரிக்குக் காட்டுப்பன்றி ஒன்று தலைவராக இருந்தது. யாரும் கேட்டுக்கொண்டு அது தலைவராகவில்லை.

அதற்கு முன்னால் ஆமைதான் தலைவர். யார் எப்போது தண்ணீர் குடிப்பது, யார் எந்தப் பக்கம் இறங்குவது என்று எல்லோரையும் கேட்டுக் கேட்டு மெதுவாகச் சொல்லும். ஒருநாள் ஆமை பாறைமேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது பன்றி வந்து மூக்கால் ஒரு நெம்பு நெம்பியது. ஆமை மல்லாந்து விழுந்தது. அவ்வளவுதான், ஆட்சி மாறிவிட்டது.

“தலைவருக்கு உடம்பு முடியலை, படுத்துட்டார். மழை வர்ற வரைக்கும் நான் பார்த்துக்கிறேன்” என்று பன்றி எல்லோரிடமும் சொன்னது.

குரங்குதான் பாவம் பார்த்து ஆமையைத் திருப்பிப் போட்டது. ஆமை வேறு ஏரி தேடிப் போய்விட்டது. மழை வந்தது, போனது. மறுபடியும் வந்தது. பன்றி மட்டும் போகவே இல்லை.

பன்றி போட்டது ஒரே ஒரு சட்டம்தான். அது தண்ணீரில் படுத்திருக்கும்போது வேறு யாரும் ஏரியில் கால் வைக்கக் கூடாது. விடிந்ததும் வந்து படுக்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் எழுந்திருக்கும். தவளைகள்கூடக் கரையில் உட்கார்ந்து காய்ந்துகொண்டிருந்தன.

அந்தக் கரையின் கோரைப்புல்லுக்குள் ஒரு கானாங்கோழி கூடு கட்டியிருந்தது. ரொம்பக் கூச்சப்படும் நீர்ப்பறவை. இலை அசைந்தாலே உள்ளே போய்விடும். கானாங்கோழிக் குஞ்சு முட்டையை விட்டு வெளியே வந்ததும் தண்ணீரில் இறங்கிவிட வேண்டும். தரையில் இருந்தால் ஆபத்து. போன தடவை பன்றி எழுந்திருக்கட்டும் என்று குஞ்சுகளைக் கரையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தது. கீரி காத்திருக்கவில்லை. ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை. இப்போது மறுபடியும் முட்டை இட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கும்போது பன்றிக்கே பதவி அலுத்துவிட்டது. நாரை என் முதுகை மிதித்துவிட்டது என்று தவளை வரும். என் மரத்தில் அணில் ஏறிவிட்டது என்று குரங்கு வரும். போதாததற்கு, மலைக்கு அந்தப் பக்கம் வள்ளிக்கிழங்கு நன்றாக விளைந்திருக்கிறது என்று மைனா வந்து சொன்னது. பன்றிக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

உடனே எல்லோரையும் கரைக்குக் கூப்பிட்டது. தான் இனி எந்தப் பதவியிலும் இருக்கப் போவதில்லை, அரசியலே வேண்டாம், மலைக்குப் போய் நிம்மதியாக இருக்கப் போவதாகச் சொன்னது.

எல்லோருக்கும் மனசுக்குள் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அந்த ஏரிக்கரையில் ஒரு பழக்கம் உண்டு. கிளம்புகிறவரிடம் சரி, போங்க என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மரியாதைக் குறைவு. ஒரு வாய் தண்ணீர் குடிக்க வந்த நரியிடம்கூட, என்ன அவசரம், இருந்து போகலாமே என்றுதான் சொல்வார்கள். பன்றியிடம் மரியாதையோடு பயமும் சேர்ந்துகொண்டது.

“நீங்க போயிட்டா எங்களுக்கு யார் இருக்கா தலைவரே?” என்று குரங்கு கண்ணைக் கசக்கியது. கண்ணீர் வரவில்லை. கையைத் தண்ணீரில் நனைத்துக் கன்னத்தில் தடவிக்கொண்டது.

தவளை விக்கி விக்கி அழுதது. முயல் காதைத் தொங்கப் போட்டது. கொக்கு மட்டும் உண்மையாகவே அழுதது. பன்றி கிளறின சேற்றில்தான் அதற்குத் தினமும் புழு கிடைக்கும்.

பன்றிக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்கும் ஊர் என்ன நினைக்கிறது என்று தனித்தனியாகக் கேட்டுவிட்டு வா என்று மைனாவை அனுப்பியது. மைனாவிடம் சொன்னால் சொன்னவர் பேரோடு போய்ச் சொல்லிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் எல்லோரும், தலைவர் இருக்கணும், அவரை விட்டால் ஏரி வற்றிவிடும் என்றே சொன்னார்கள். மைனா அந்தப் பக்கம் போனதும், எப்போடா தொலைவான் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

மைனா வந்து சொன்னதைக் கேட்டதும் பன்றி பெருமூச்சு விட்டது. “என்ன செய்ய? இவ்வளவு பாசமா இருக்காங்க. விட்டுட்டுப் போக மனசு வருமா?” என்று சேற்றில் தொப்பென்று படுத்துக்கொண்டது. ஆனால் நினைப்பெல்லாம் கிழங்குமேல். இந்நேரம் முள்ளம்பன்றிகள் தோண்டித் தின்றுகொண்டிருக்குமே என்று அதற்கு வயிற்றெரிச்சல்.

கோரைப்புல்லுக்குள் கானாங்கோழி முட்டைமேல் காதை வைத்துக் கேட்டது. உள்ளேயிருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தது.

“என்னங்க, பொரிக்கப் போகுது. நீங்க போய் அவர்கிட்டச் சொல்லுங்க” என்றது தன் சேவலிடம்.

“நானா? குரங்கே சொல்லலை. நமக்கெதுக்கு வம்பு?”

“குரங்கோட குட்டி மரத்துல இருக்கு. நம்ம குஞ்சு தரையில இருக்கும்.”

சேவல் இறகைக் கோதிக்கொண்டது.

அந்த நேரம் பன்றி பொறுக்க முடியாமல் மறுபடியும் எழுந்தது. “யார் என்ன சொன்னாலும் சரி, நான் கிளம்புறேன்” என்றது.

குரங்கு ஓடி வந்தது. “என்ன தலைவரே அவசரம்? வெயில் தாழட்டுமே, இருந்து போகலாமே” என்றது. எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பன்றியின் பின்னங்கால் மறுபடியும் மடங்கத் தொடங்கியது.

கோரைப்புல் விலகியது. கானாங்கோழி வெளியே வந்து நின்றது.

“சரிங்க, போங்க” என்றது.

தவளை ஓர் இலைக்குக் கீழே போய்விட்டது.

“யார் நீ? உன்னை நான் பார்த்ததே இல்லையே” என்றது பன்றி.

“நீங்க வர்றதுக்கு முன்னாடியே நான் இங்கதான் இருக்கேன்.”

“என்னைப் போகச் சொல்றியா?”

“போறேன்னு நீங்கதான் சொன்னீங்க. நான் சரின்னு சொல்றேன்.”

பன்றி கொம்புப் பல்லால் மண்ணைக் கீறியது. “ஊரே இருக்கச் சொல்லுது. நீ ஒருத்தி போகச் சொல்றே.”

“அவங்க மரியாதைக்குச் சொல்றாங்க. எனக்கு அதுக்கு நேரமில்லைங்க. முட்டைக்குள்ள குஞ்சு தட்டுது. போன தடவை நீங்க எழுந்திருப்பீங்கன்னு காத்திருந்தேன், கீரி எல்லாத்தையும் தின்னுடுச்சு. நீங்க இருந்தா என் குஞ்சு இருக்காது.”

பன்றி அதன் முகத்துக்கு நேராக வந்து உறுமியது. கானாங்கோழி கண்ணை மூடிக்கொண்டது. ஆனால் ஓர் அடியும் நகரவில்லை. பின்னால்தானே கூடு இருக்கிறது.

பன்றி குரங்கின் பக்கம் திரும்பி, “அப்ப நீ அழுதது?” என்று கேட்டது.

குரங்கு வானத்தைப் பார்த்தது. “தூசி விழுந்துச்சு” என்றது.

இலைக்குக் கீழிருந்து தவளை மெல்லச் சொன்னது, “நானும் நீங்க போனா நல்லதுன்னுதான் நெனச்சேன்.” பிறகு முயல் சொன்னது. பிறகு எல்லோரும் சொன்னார்கள். ஒருத்தர் ஆரம்பித்ததும் நிற்கவே இல்லை. வளையைத் தோண்டியது, வாலை மிதித்தது, குறட்டை விட்டது, முதுகு நாற்றம் என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. சேவல் கானாங்கோழிகூட வெளியே வந்து, நான்தான் இவளைச் சொல்லச் சொன்னேன் என்று சொல்லிக்கொண்டது.

“போதும், போதும்” என்று பன்றி கத்தியது. “இதை அன்னிக்கே சொல்லியிருந்தா எனக்குக் கிழங்காவது மிஞ்சியிருக்கும்ல!”

சேற்றை உதறிவிட்டு மலைப்பக்கம் ஓடியே போய்விட்டது.

அடுத்து யார் தலைவர் என்று கரையில் உடனே பேச்சு ஆரம்பித்தது. குரங்கு தன்னைத்தான் எல்லோருக்கும் பிடிக்கும் என்றது. கொக்கு யாரோடும் பேசாமல் தள்ளி நின்றது. கானாங்கோழி அதையெல்லாம் கேட்கவில்லை. கூட்டுக்குத் திரும்பிப் போனது. முட்டைகள் பொரிந்து, கரிக்கட்டி போலக் கறுப்புக் குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அம்மா முன்னால் போக, அவை தெளிந்த தண்ணீரில் தத்தித் தத்தி இறங்கின.

மனசு போகச் சொல்லும்போது வாய் இருக்கச் சொன்னால், வந்த துன்பம் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும்.